மட்டியும் பரோலோவும்: ஊர்ப்பெயருக்குப் பின்னால் இருக்கும் மண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இத்தாலிய ஒயின்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் பக்கத்து இதழ்களில் அரிதாகவே தென்படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆயினும், இத்தாலியச் சிவப்பு ஒயின் குப்பிகளில் காணப்படும் ஊர்ப்பெயர்கள் விற்பனைக்காக ஒட்டப்பட்ட அலங்காரம் என்றும், சுவையைத் தீர்மானிப்பவை திராட்சை வகையும் ஆலையின் இயந்திரங்களுமே என்றும் அதன் இறுதியில் எழுதப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டத்து வாசகர்களின் கைக்கு வரும் இதழில் இக்கருத்து மறுப்பின்றிக் கடந்துபோகக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

குளச்சலுக்கு அருகில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நான், பயணிகள் கப்பல்களின் உணவுக்கூடங்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள் ஒயின் கிடங்கின் பொறுப்பு என்னிடம் இருந்தது. சவோனா, லிவோர்னோ, நேப்பிள்ஸ், மெசினா ஆகிய துறைமுகங்களில் கப்பல் நிற்கும் நாட்களிலும், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் கிடைத்த ஓய்வு நாட்களிலும், பேருந்திலும் ரயிலிலும் ஏறித் திராட்சைத் தோட்டங்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒயினை வாயில் வைத்து நிதானித்துவிட்டுத் துப்பிவிடுவது அந்த வேலையின் ஒரு பகுதி. குடிப்பழக்கத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை எங்கள் கடற்கரையில் கண்ணால் கண்டவன் நான். மண்ணுக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் ஆல்பா நகரை ஒட்டி லாங்கே என்னும் குன்றுகள் இருக்கின்றன. அங்கே 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து மட்டும் செய்யப்படும் ஒயினுக்கே பரோலோ என்று பெயர். வேறு எந்தத் திராட்சையையும் கலக்க அனுமதி இல்லை. திராட்சை வகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், இந்த 11 ஊர்களின் ஒயினும் ஒன்றுபோலவே இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. மேற்கே லா மோர்ரா, பரோலோ ஆகிய ஊர்களில் நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒயின் இளமையிலேயே மணம் விரிந்து, துவர்ப்பு சற்று மென்மையாக இருக்கும். கிழக்கே செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயின் பெரும்பகுதியிலும் அதைவிடப் பழைய, மணற்கல் அடுக்குகள் ஊடுருவிய வெளிறிய மண். அங்கத்திய ஒயினை முதல் சில ஆண்டுகளில் வாயில் வைத்தால், நன்றாகப் பழுக்காத கொல்லாம்பழத்தைக் கடித்ததுபோல நாக்கும் ஈறும் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பு தணிய 10 ஆண்டுகள், சில வேளைகளில் 20 ஆண்டுகள்கூட ஆகும். தணிந்த பிறகு அதற்கு இணை சொல்ல எனக்கு வேறொன்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கஸ்தில்யோனே ஃபல்லெத்தோ என்ற ஊரில் இரு குணங்களும் கலந்து வரும். இந்த மண் முழுவதும் ஒரு கோடி ஆண்டுக் கணக்கில் பின்னோக்கிப் போகும் காலத்தில் கடலடியில் படிந்த வண்டல் என்று அங்கே எனக்குச் சொன்னார்கள். கடலோரத்தில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு குன்றின் மேல் நின்று அதைக் கேட்டபோது மெய்சிலிர்த்தது.

மண்ணுக்கு அடுத்தது சரிவு. நெப்பியோலோ என்ற பெயரே மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்று பலரும் கருதுகின்றனர். மற்றத் திராட்சைகள் பறித்து முடிந்த பிறகு, நமக்குப் புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில், பள்ளத்தாக்குகளில் மூடுபனி இறங்கும்போதுதான் அது பழுக்கும். ஆகவே வெயில் நெடுநேரம் விழும் தெற்கு நோக்கிய சரிவின் நடுப்பகுதி அதற்கு வேண்டும். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெப்பியோலோவை நடு என்பது அவர்களுடைய முன்னோர் வழக்கு. வெயில் சற்றுக் குறைந்த சரிவுகளில் பர்பேரா, தொல்செத்தோ என்ற வேறு திராட்சைகளும், குளிர்ந்த அடிவாரங்களில் ஹேசல் கொட்டை மரங்களும் நிற்கும். ஆக, ஒரே குன்றின் மேல் எந்தப் பயிர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தறிந்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்துச் சட்டம் அந்த அறிவின் மேல்தான் கோடு வரைந்தது. பரோலோவுக்குள் இருக்கும் தனித்தனிச் சரிவுகளின் பெயர்களும் எல்லைகளும் 2010-இல் முறைப்படி வரையறுக்கப்பட்டன என்றாலும், அந்தப் பெயர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே உழவர்களின் வாயில் இருந்தவை.

பரோலோவிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், தனாரோ ஆற்றை ஒட்டிப் பர்பரேஸ்கோ இருக்கிறது. திராட்சை அதே நெப்பியோலோ. நிலம் சற்றுத் தாழ்ந்தது, ஆற்றின் அருகாமையால் வெப்பம் சற்று மிகுந்தது. எனவே பழம் சில நாட்கள் முன்பாகவே பக்குவமாகிறது, ஒயினும் விரைவில் இணக்கமாகிறது. சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: பரோலோ குறைந்தது 38 மாதங்கள் முதிர வேண்டும்; பர்பரேஸ்கோவுக்கு 26 மாதங்கள் போதும். அங்கிருந்து வடக்கே ஆல்ப்ஸ் மலைக்குப் போனால் வால்தெல்லினா பள்ளத்தாக்கு வருகிறது. அதே நெப்பியோலோவை அங்கே கியாவென்னாஸ்கா என்கிறார்கள். ஆதா ஆறு கிழக்கு மேற்காக ஓடுவதால் அதன் வடகரை முழுவதும் தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. அந்தச் செங்குத்துப் பாறையில் சாந்து பூசாத கற்சுவர்களைக் கட்டி, மண்ணைக் கூடையில் சுமந்து ஏற்றி, படிப்படியாகத் தோட்டம் செய்திருக்கிறார்கள். அந்த ஒயின் நிறத்தில் வெளிறியது, உடல் மெலிந்தது, புளிப்பு துலக்கமானது. பரோலோ குப்பியையும் வால்தெல்லினா குப்பியையும் அருகருகே திறந்து வைத்தால், இரண்டும் ஒரே பழம் என்று முதல்முறை கேட்பவர் நம்ப மாட்டார்.

நமக்கு இது புதிய செய்தியா என்ன? என் தங்கையைத் திருநெல்வேலிக்கு அப்பால் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தோம். வீட்டுக் கொல்லையிலிருந்து மட்டிக் கன்றுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் அங்கே நட்டாள். வாழை செழித்தது, குலை தள்ளியது, பழமும் பழுத்தது. ஆனால் அறையில் ஒரு சீப்பு இருந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும் அந்த மணம் வரவே இல்லை. கன்று அதுவே, வளர்த்த கையும் அதுவே. மாறியது மண்ணும் மழையும்தான். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் ஆக இரண்டு பருவமும் நனைக்கும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மண் அங்கே இல்லை. நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்றும், மரமும் பூவும் தொழிலும் அவற்றின் வழி வருவன என்றும் நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. இத்தாலியக் குன்றுகளில் நான் கண்டது அதே முறையைத்தான்.

கட்டுரையாளர் நடு இத்தாலியில் உள்ள டஸ்கனி மாநிலத்தின் கியாந்தி ஒயினைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டியிருந்தார். கியாந்தி என்ற பெயரில் மலிவான, சுவையற்ற ஒயின்கள் உலகெங்கும் விற்கப்பட்டது உண்மை. ஆனால் அதன் வரலாறு அவருடைய முடிவுக்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. 1716 செப்டம்பர் 24 அன்று, டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி ஓர் ஆணை பிறப்பித்து, கியாந்தி, பொமீனோ, கார்மிஞானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு ஆகிய நான்கு ஒயின் நிலங்களின் எல்லைகளை வரையறுத்தார். உலகில் ஒயினுக்காக வரையப்பட்ட மிகப் பழைய எல்லைகளுள் அது ஒன்று. அந்தப் பழைய கியாந்தி, புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட உயர்ந்த குன்றுப் பகுதி. காலத்தில் உதிர்ந்து பொடியாகும் களிப்பாறையும், கெட்டியான வெண் சுண்ணாம்புக் கல்லும் அங்கே மாறி மாறி வரும்; முன்னதைக் கலெஸ்த்ரோ என்றும் பின்னதை அல்பெரேசே என்றும் அழைக்கிறார்கள். அத்தகைய வறிய, கல்லடர்ந்த மண்ணில்தான் சான்ஜோவேசே திராட்சை கட்டுக்குள் விளைந்து, துலக்கமான புளிப்பும் செர்ரிப் பழத்தின் மணமும் பெறுகிறது. வளமான தாழ்நிலத்தில் நட்டால் அதே கொடி அளவுக்கு மீறிக் காய்த்து நீர்த்துப் போகும்.

அந்தப் பெயருக்கு விலை ஏறியதும் சுற்றுப்புறத்தார் எல்லாரும் அதைக் கேட்டார்கள். பழைய பகுதியின் உழவர்கள் 1924-இல் கருஞ்சேவல் சின்னத்தின் கீழ்ச் சங்கம் அமைத்துப் போராடியும், 1932-இல் அரசு கியாந்தியின் எல்லையை மிகப் பெரிதாக விரித்து ஏழு பகுதிகளாக்கியது. பூர்வ நிலம் அந்த ஏழில் ஒன்றாகச் சுருங்கி, கிளாசிக்கோ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டு தன்னை அடையாளம் காட்ட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 1967-இல் எழுதப்பட்ட விதி, சிவப்பு ஒயினான கியாந்தியில் 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. வைக்கோல் சுற்றிய குப்பிகளில் அந்த ஒயின் உலகெங்கும் போய்ப் பெயரைக் கெடுத்தது. மீண்டு வர நெடுங்காலம் ஆனது: 1996-இல் கியாந்தி கிளாசிக்கோ தனி நிலப்பெயராக உரிமை பெற்றது, 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சை அதிலிருந்து முற்றிலும் நீங்கியது, 2021-இல் அதற்குள்ளேயே 11 சிறு பகுதிகள் பிரிக்கப்பட்டன. ஊர்ப்பெயர் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால், எல்லையை விரித்ததும் சுவை கெட்டிருக்காது. எல்லையைச் சுருக்கியதும் அது திரும்பியிருக்காது.

அதே சான்ஜோவேசே தெற்கே மோந்தால்சீனோவுக்குப் போனால் புரூனெல்லோ ஆகிறது. அங்கே வெயில் மிகுதி, மழை குறைவு. 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாட்டா மலை தெற்கிலிருந்து வரும் புயல்மழையைத் தாங்கிக்கொள்கிறது. மகேந்திரகிரியின் இரு பக்கத்திலும் மழை எவ்வளவு மாறுபடுகிறது என்று அறிந்த நமக்கு, ஒரு மலை தன் மறைவில் உள்ள ஊர்களுக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பழத்தின் தோல் தடித்து, ஒயின் கனத்து, நெடுநாள் தாங்குகிறது. வேறு திராட்சை கலவாத அந்த ஒயின், அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் சனவரி முதல் நாளுக்கு முன் விற்பனைக்கு வரக் கூடாது.

தெற்கே இறங்கினால் வேறு உலகம். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில், 1,000 மீட்டர் உயரம் வரைகூட நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சை விளைகிறது. ஒவ்வொரு காலத்திலும் வழிந்த எரிமலைக் குழம்பு ஒவ்வொரு வயதுடைய மண்ணாகிக் கிடப்பதால், அடுத்தடுத்த தோட்டங்களே வேறு வேறு குணம் காட்டுகின்றன. அங்கே கொந்த்ராதா என்று பெயரிட்டு 130-க்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளை வகுத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் திராட்சைகளை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சி அந்த எரிமலை மணலில் பரவ முடியாததால், ஒட்டுப் போடாத, நூறு வயது கடந்த கொடிகளை இன்றும் அங்கே காணலாம். வெயில் கொளுத்தும் தெற்கில் இருந்தும், மலைக் குளிரால் அந்த ஒயின் வடக்கத்திய நெப்பியோலோவைப்போல வெளிறி, மணத்து, துவர்க்கிறது. இதற்கு நேர்மாறானது, தென்கிழக்கு மாநிலமான பூலியாவில் உள்ள மந்தூரியா என்ற ஊர். இருபுறமும் கடல் சூழ்ந்த சமவெளி. சுண்ணாம்புப் பாறைமேல் நம் தேரிக்காட்டை நினைவூட்டும் செம்மண். முன்கூட்டியே பழுப்பதால் பிரிமித்தீவோ என்று பெயர்பெற்ற திராட்சை. அந்த வெப்பத்தில் பழத்தின் சர்க்கரை ஏறி, ஒயினின் வீரியம் 14 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். இதே திராட்சைதான் கலிபோர்னியாவில் சின்ஃபண்டல் என்ற பெயரில் விளைகிறது என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது.

கட்டுரையாளரின் கருத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெரோனாவுக்கு அருகில் வால்போலிச்செல்லாவில், கோர்வீனா முதலிய திராட்சைகளைப் பறித்துப் பரண்களில் மாதக்கணக்கில் உலர்த்தி, பாதி வற்றிய பிறகு பிழிந்து அமரோனே செய்கிறார்கள். உடனே பிழிந்தால் அதே பழம் இலேசான ஒயினாகிறது. அங்கே கை செய்யும் வேலை பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் உலர்த்தும் அந்த மாதங்களில் பழம் அழுகாமல் காப்பதற்கும் காற்றும் குளிரும் வேண்டும். அதுபோலவே, சட்டத்தின் கோடு எப்போதும் சரியாகவே இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். டஸ்கனிக் கடற்கரையின் போல்கெரியில், கல் நிறைந்த நிலத்தில் விளைந்த சசிகாயா என்ற ஒயின் 1968 அறுவடையிலிருந்து விற்பனைக்கு வந்தபோது, அந்த நிலத்தில் கபெர்னே சோவிஞோன் திராட்சைக்குச் சட்டத்தில் இடம் இல்லாததால் வெறும் மேசை ஒயின் என்றே அடையாளமிடப்பட்டது. உரிய நிலப்பெயரை அது பெற 1994 வரை ஆனது. அங்கே மண் சரியாக இருந்தது. அதைச் சட்டம்தான் தாமதமாகக் கண்டுகொண்டது.

பெயரைக் காக்கும் ஒழுங்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இத்தாலியே சான்று. 1986-இல் வீரியத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குற்றம் செய்தவர்கள் சிலரே. ஆனால் நேர்மையாக உழைத்தவர்களின் சரக்கும் துறைமுகங்களில் தேங்கியது. 1992-இல் நிலப்பெயர்களுக்கான சட்டம் புதிதாக எழுதப்பட்டது.

இதையெல்லாம் விரிவாக எழுதுவதற்குக் காரணம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லும் மட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தன. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. குறியீடு கிடைத்த நாளில் செய்தி வந்தது, பாராட்டு வந்தது. அதற்குப் பிறகு சந்தையில் நான் காண்பது வேறு. வேறெங்கோ விளைந்த சிறு பழங்களை மட்டி என்று சொல்லி விற்கிறார்கள். வெளியூர்க்காரர் அதை வாங்கித் தின்றுவிட்டு இதற்குத்தானா இத்தனை பெயர் என்று கேட்கிறார். மலைமட்டிக்கும் செம்மட்டிக்கும் தேன்மட்டிக்கும் உள்ள வேறுபாடு சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். எந்த ஊரின் எந்தச் சரிவில் மணம் மிகுதி, எந்த ஓடைக்கரையில் பழம் புளிக்கும் என்று அவர்கள் அறிந்தது இன்னும் எங்கும் முழுமையாக எழுதப்படவில்லை. மாறாமலைக் கிராம்பின் காரத்துக்கு இரு கடல்களின் ஈரக்காற்று காரணம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். லாங்கேயின் உழவர் தம் சரிவைப் பற்றி அப்படிப் பொதுவாகப் பேச மாட்டார். தம் வேலிக்கு இப்புறம் என்ன மண், அப்புறம் என்ன மண் என்று சொல்வார்.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளின் மூத்த வாழை உழவர்களையும், மலையில் கிராம்பு பறிப்பவர்களையும் நேரில் கண்டு, ஊர்வாரியாக, மண்வாரியாக அவர்கள் அறிந்ததைத் தொடராக வெளியிடுங்கள். வேளாண் துறையினர் மண் ஆய்வு செய்து அதனோடு ஒப்பிட்டால், பெயருக்கு உரிய எல்லையை உறுதியாக வரையலாம். விலை ஏறும் நாளில் அந்த எல்லையை விரிக்கச் சொல்லி நெருக்கடி வரும். அப்போது எடுத்துக்காட்ட நம் கையில் ஒரு பதிவு இருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையில் மோந்தேபுல்சியானோ என்பதை ஒரே ஒயினாகக் குறித்து, அது டஸ்கனியில் விளைவதாக எழுதப்பட்டிருந்தது. மோந்தேபுல்சியானோ என்ற ஊர் டஸ்கனியில் இருக்கிறது. அங்கே செய்யப்படும் வீனோ நோபிலே என்ற ஒயின், புருஞோலோ ஜென்தீலே என்று அவ்வூரார் அழைக்கும் சான்ஜோவேசேயை முதன்மையாகக் கொண்டது. மோந்தேபுல்சியானோ தப்ரூத்சோ என்பது அட்ரியாட்டிக் கடற்கரையை ஒட்டிய அப்ரூத்சோ மாநிலத்தின் ஒயின். அதில் மோந்தேபுல்சியானோ என்பது ஊரின் பெயர் அன்று, வேறொரு திராட்சையின் பெயர். கிடங்கில் சேர்ந்த முதல் மாதத்தில் நானும் இவ்விரண்டையும் மாற்றி அடுக்கி, மூத்த பணியாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். வரும் ஞாயிறு இணைப்பில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் ஒருவர்,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.